சிவக்க வேண்டிய மருதாணி கறுக்கலாமா?



பெருநாள் இரவாயினும் திருமண வீடாயினும் நம் குடும்பங்களில் முதலில் மணம் பரப்புவது மருதாணிதான். சமையற்கட்டில் மசாலா அரைபடும் முன்பே கூடத்தில் பெண்கள் கைகளை நீட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்துவிடுவார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறை கூறுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. அந்த மகிழ்ச்சியின் பெயரால் கடைகளில் விற்கப்படும் ஒரு பொருள் நம் பெண்மக்களின் கைகளை என்ன பாடுபடுத்துகிறது என்பதைக் கண்ணால் கண்டதனால் எழுதுகிறேன்.

நான் மருத்துவம் கற்றவள் அல்லள். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டுப் பெண்கள் மதரஸா ஒன்றில் பாடம் நடத்தி வருபவள். நான் கண்டதையும், தோல் மருத்துவர் எனக்கு விளக்கிக் கூறியதையும், பின்னர் தேடிப் படித்துத் தெளிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு திருமண வீட்டில்

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. புதன்கிழமை இரவு மணப்பெண்ணுக்கு மருதாணி இட்டார்கள். இட வந்த பெண் நல்ல கைத்திறன் உடையவர். முழங்கை வரை கொடியும் பூவுமாக வரைந்து முடித்துவிட்டு, "ஒரு மணி நேரம் வைத்திருந்தால் போதும், மை போலக் கறுத்துவிடும்" என்று கூறினாராம். அவர் கூறியவாறே கறுத்தது. பார்த்தவர் எல்லாரும் மெச்சினர்.

வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது அவளுடைய கைகளில் அரிப்பு. மாலையில் தடிப்பு. சனிக்கிழமை நண்பகலில் அவளுடைய உம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்கியது. "உஸ்தாபி, கொஞ்சம் வீடு வரைக்கும் வாங்க. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்."

சென்று பார்த்தேன். உள்ளறையின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அமர்ந்திருந்தாள். கொடி வரைந்த கோடுகள் எங்கெங்கு ஓடினவோ அங்கெல்லாம் தோல் மேலெழும்பி, நீர் கோத்த கொப்புளங்கள் வரிசையாக நின்றன. விரல்கள் வீங்கி மடங்க மறுத்தன. அழுதழுது முகமும் வீங்கியிருந்தது.

வீட்டிலிருந்த நான்கைந்து பெண்களும் ஆளுக்கொரு யோசனை கூறிக்கொண்டிருந்தனர். கண்ணேறு என்றார் ஒருவர். சுண்ணாம்பு தடவச் சொன்னார் மற்றொருவர். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய களிம்புக் குழாய் ஒன்று ஏற்கெனவே திறக்கப்பட்டுப் பாதி தீர்ந்திருந்தது. இவை அனைத்திற்கும் மேலாக, ஒருவரும் வாய்விட்டுக் கூறாத ஓர் அச்சம் அந்த அறையில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இதைப் பார்த்தால் பெண்ணுக்குத் தோல் வியாதி என்று எண்ணிவிடுவார்களே என்பதுதான் அது.

அன்று மாலையே அருகிலுள்ள நகரத்துத் தோல் மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றோம். அவர் கைகளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. "இதற்கு முன்பு எப்போதாவது கறுப்பு மருதாணி இட்டிருக்கிறாயா, அம்மா?"

அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். பதின்மூன்று வயதில், ஒரு பெருநாளைக்கு, கடையில் வாங்கிய கோனில் இட்டதுண்டு. பத்து நாள் கழித்துச் சற்று அரித்ததாம். கொசுக்கடி என்று விட்டுவிட்டார்கள்.

"அன்று விதைத்ததுதான் இன்று முளைத்திருக்கிறது" என்றார் மருத்துவர்.

மருதாணி எப்படிச் சிவக்கிறது?

அவர் கூறியதன் பொருளை விளங்கிக்கொள்ள, முதலில் மருதாணியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். மருதோன்றி என்று நூல்கள் கூறும் இச்செடியின் இலையில் 'லாசோன்' என்னும் சாயப்பொருள் சிறிதளவு அமைந்துள்ளது. இலையை அரைத்துச் சிறிது புளிப்புச் சேர்த்தால் அச்சாயம் வெளிப்படுகிறது. நம் பாட்டிமார் கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்ததும், இன்று எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் இதனால்தான்.

அச்சாயம் தோலின் மேலடுக்கில் உள்ள 'கெரட்டின்' என்னும் புரதத்தோடு மெல்ல மெல்லப் பிணைகிறது. அதற்குச் சில மணி நேரம் தேவை. பற்றைக் களைந்தவுடன் கை இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோதான் இருக்கும். ஒன்றிரண்டு நாட்களில் அது முற்றிச் செம்பழுப்பாகும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்திருப்பதால் அங்கே நிறம் ஆழமாகப் பிடிக்கும்; புறங்கையில் வெளிறித் தெரியும். தோல் உதிர உதிர, ஒன்று முதல் மூன்று வாரங்களில் நிறம் மங்கி மறையும்.

இயற்கை மருதாணியின் குணம் இவ்வளவே. அது ஒரு மணி நேரத்தில் பிடிக்காது. எவ்வளவு முற்றினாலும் மை போலக் கறுக்காது. இதை மட்டும் நினைவில் நிறுத்திக்கொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

கருமை எங்கிருந்து வருகிறது?

அவ்வாறாயின் அந்தக் கருமை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 'பாரா ஃபினிலீன் டையமின்' என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது. சுருக்கமாகப் பி.பி.டி. என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தலைச்சாயத்திற்காகப் பயன்படத் தொடங்கிய பொருள் இது. காற்றுடனோ 'ஹைட்ரஜன் பெராக்சைடு' உடனோ சேரும்போது கறுத்துவிடும். இதன் மூலக்கூறு மிகச் சிறியது. ஆதலால் தோலுக்குள் எளிதில் புகுந்துவிடும்.

தலைச்சாயத்தில் இதைச் சேர்ப்பதற்கே நாடுகள் வரம்பு விதித்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, தலையில் தடவும் நிலையில் இதன் அளவு 2 விழுக்காட்டிற்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் தீட்ட இதற்கு அனுமதியே இல்லை. அமெரிக்காவிலும் தோலில் பூசுவதற்கு இதற்கு ஒப்புதல் கிடையாது. ஆனால் கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றைச் சோதித்தபோது 15 விழுக்காட்டையும் தாண்டி இது கலந்திருந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தலைமுடியில் தடவி அரை மணி நேரத்தில் அலசிவிடும் பொருளுக்கே வரம்பு 2. பெண்பிள்ளையின் மென்மையான தோலில் மணிக்கணக்கில் காயவிடும் பொருளில் 15! தொடுதலால் வரும் ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக இதனையே அறிவித்தது.

"முதல் தடவை ஒன்றும் செய்யவில்லையே!"

நம் பெண்கள் வழக்கமாகக் கூறும் சமாதானம் ஒன்று உண்டு. "போன பெருநாளுக்கும் இதே கோன்தான் போட்டேன், ஒன்றும் செய்யவில்லையே!" ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

சுண்ணாம்போ அமிலமோ பட்டால் தோல் அப்போதே எரியும். அது யாருக்கும் பொதுவானது. ஒவ்வாமை அத்தகையது அன்று. உடலுக்குள் அல்லாஹ் ஒரு காவற்படையை அமைத்திருக்கிறான். அந்நியப் பொருள் ஒன்று முதன்முறையாகத் தோலுக்குள் நுழையும்போது, அப்படையின் அணுக்கள் அதன் அடையாளத்தைப் பதிந்துகொள்கின்றன. இதற்கு ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும். அந்தக் காலத்தில் வெளியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிலருக்குப் பத்து நாள் கழித்துச் சற்று அரிக்கலாம். பகைவன் என்று குறித்துக்கொண்ட அப்பொருள் மறுமுறை வாசலில் தலைகாட்டும்போது படை முழுவதும் திரண்டெழுகிறது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அரிப்பும் தடிப்பும் கொப்புளமும் எழுவது அப்போரின் விளைவே.

என் மாணவியின் கதையும் இதுதான். பதின்மூன்று வயதில் பதிந்த அடையாளம், அவளுடைய திருமணத்திற்கு முந்திய வாரம் வரை உறங்கிக் கிடந்தது. ஒவ்வாமை எல்லாருக்கும் வருவதில்லை என்பது உண்மையே. யாருக்கு வரும் என்பதை இடுவதற்கு முன் முகத்தைப் பார்த்துக் கூற எவராலும் இயலாது என்பதும் உண்மையே.

தலைச்சாயமும் அதே குடும்பம்

இச்செய்தி பெண்களோடு நின்றுவிடுவதன்று. நரையை மறைக்க மாதந்தோறும் டை அடிக்கும் ஆண்கள் எத்தனை பேர்! தலைக்குக் கறுப்புச் சாயம் இடுவது பற்றிய மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. அதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். நான் இங்கே கூறுவது உடல்நலம் பற்றி மட்டுமே. கடைகளில் கிடைக்கும் கறுப்புத் தலைச்சாயங்களில் பெரும்பாலானவற்றில் பி.பி.டி.யோ அதன் உறவுப் பொருளோ உள்ளது. 'கறுப்பு மருதாணிப் பொடி' என்று இலைப்படம் அச்சிட்டு விற்கும் பொடிகள் பலவற்றிலும் இது கலந்திருக்கிறது.

டை அடித்த ஓரிரு நாட்களில் காதோரமும் பிடரியும் நெற்றிக் கரையும் அரிக்கின்றனவா? காலையில் எழும்போது கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றனவா? கண் நோய் என்று எண்ணிச் சொட்டு மருந்து தேடுவார்கள். சாயம் தடவியது தலையில்தான். ஆனால் இமையின் தோல் மிக மெல்லியதாதலால் வீக்கம் அங்கே முந்திக்கொள்ளும். "நான் பதினைந்து ஆண்டாக அடிக்கிறேனே" என்பதும் பாதுகாப்பு அன்று. பல ஆண்டு பழகிய பொருளுக்கும் ஒருநாள் ஒவ்வாமை தோன்றலாம்.

வரலாறு படித்தவள் என்பதால் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. 1933ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற கண்ணிமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் கலந்திருந்தது இந்தக் குடும்பத்துச் சாயமே. அதைத் தீட்டிக்கொண்ட பெண்களில் சிலருக்குக் கண்கள் புண்ணாயின; பார்வை இழந்தவரும் உண்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. அன்றைய சட்டத்தில் அழகுப் பொருட்களைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. இத்தகைய துயரங்கள் மக்களை உலுக்கியதன் பின்னரே, 1938இல் அழகுப் பொருட்களையும் கட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் அங்கே நிறைவேறியது.

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் நடைமுறையில் உள்ளது. அழகுப் பொருட்களுக்கெனத் தனி விதிகள் 2020இல் வகுக்கப்பட்டன. பி.பி.டி. கலந்த தலைச்சாயத்தின் உறையில் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். சிலருக்கு இது தோலில் எரிச்சல் உண்டாக்கலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திற்கோ இமைமயிருக்கோ பயன்படுத்தினால் பார்வை போகலாம் என்பதே அதன் சாரம். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிடுங்கள். முன்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறிது தடவி 24 மணி நேரம் காத்திருக்குமாறு அதில் கூறியிருக்கும். நான் கூறுவது இரண்டு நாள் காத்திருங்கள் என்பதே. ஏனெனில் இவ்வொவ்வாமை தாமதமாகவே வெளிப்படும். முன்பு ஒருமுறை தடித்தவர்கள் இச்சோதனையையும் வீட்டில் செய்ய வேண்டாம்.

தடிப்பு வந்துவிட்டால்

சகோதரிகளே, இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சாயம் பட்ட இடத்தை உடனே ஏராளமான தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவ வேண்டும். நிறம் போகாது, ஒட்டியிருக்கும் மிச்சம் போகும். தேய்த்துச் சுரண்டக் கூடாது.

இரண்டாவது, சுத்தமான மெல்லிய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் போர்த்தி வையுங்கள். அரிப்பும் எரிச்சலும் தணியும். சுண்ணாம்பு, எலுமிச்சைச் சாறு, பற்பசை, மஞ்சள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பூச வேண்டாம். புண்பட்ட தோலில் இவை எரிச்சலைக் கூட்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உடைந்தால் கிருமி புகும். குழந்தையாயின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, கோனையோ உறையையோ குப்பையில் எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளில் இட்டது, எப்போது அரிப்புத் தொடங்கியது, முன்பு எப்போது இட்டது என்பவற்றையும் மறவாமல் கூறுங்கள்.

நான்காவது, முகமோ கண்ணோ வீங்கினால், மூச்சுத் திணறினால், காய்ச்சல் வந்தால், கொப்புளத்தில் சீழ் வைத்தால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஐந்தாவது, மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்குவதை விட்டுவிடுங்கள். இத்தகைய தடிப்பிற்கு 'ஸ்டீராய்டு' களிம்பு தேவைப்படுவது உண்மையே. எவ்வளவு வீரியமுள்ளது, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். தானாகவே வாங்கி முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பி, அக்களிம்பை விட்டால் எரியும் நிலை வந்துவிடும். சிவப்பழகு தரும் என்று கைமாறிக் கைமாறி வரும் களிம்புகளில் பலவும் இந்த இனமே. 2018இல் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று நடுவணரசு விதி செய்தது. கூட்டுக் களிம்புகள் சிலவற்றில் உள்ள 'நியோமைசின்' என்ற மருந்தே சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். என் மாணவியின் வீட்டில் பாதி தீர்ந்திருந்த குழாயை மருத்துவர் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னார்.

அன்று அவள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று என் மனத்தை உருக்கியது. "உஸ்தாபி, இந்தக் கையோடு எப்படி ஒளுச் செய்வேன்?" வலியைப் பற்றிக் கேட்கவில்லை, தொழுகையைப் பற்றிக் கேட்டாள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்று மருத்துவர் கூறினால், கட்டின் மீது மஸஹு செய்வது, தயம்மும் செய்வது ஆகியவற்றிற்கு வழியுண்டு. மத்ஹபுக்கேற்ப விவரங்கள் மாறுவதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணைக் கீறிக்கொண்டு கழுவுவதும் வேண்டாம். தொழுகையை விடுவதும் வேண்டாம்.

ஒருமுறை வந்தால் என்றும் மறவாதீர்கள்

புண் ஆறிவிடும், ஒவ்வாமை ஆறாது. காவற்படை பதிந்துகொண்ட அடையாளம் பொதுவாக ஆயுள் முழுவதும் அழிவதில்லை. ஆகவே புண் முற்றிலும் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பின்னர், தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்வார். சிறு சிறு பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் அடுத்த ஓரிரு நாட்களிலும் தோலைப் பார்த்துக் காரணத்தை உறுதி செய்யும் முறை இது. வலி இல்லாதது.

காரணம் பி.பி.டி. என்று தெரிந்துவிட்டால், அப்பெயரைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதற்கு உறவினர் பலர். சில மயக்க மருந்துக் களிம்புகளிலும் தொண்டை மாத்திரைகளிலும் உள்ள 'பென்சோகெயின்', சல்ஃபா வகை மருந்துகள், கறுப்பு ரப்பர் ஆகியவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கறுப்பு, கருநீலச் செயற்கை இழைத் துணிகளின் சாயமும் அவ்வாறே. வேர்வை மிகும் கோடைக் காலத்தில் கறுப்புப் பாலியெஸ்டர் பர்தாவினால் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு வருமானால், இதையும் மருத்துவரிடம் கூறுங்கள். வெளிர் நிறப் பருத்தித் துணியில் பர்தா தைத்து அணிவதற்கு மார்க்கத்தில் தடை ஏதும் இல்லையே! பல் மருத்துவரிடமோ அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போதும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இனிப் பிற்காலத்தில் நரை வந்தாலும் சாதாரண டை அவர்களுக்கு ஆகாது. தலையில் பூசினால் முகம் முழுவதும் வீங்கிவிடக் கூடும். சிறு வயதில் விளையாட்டாக இட்ட ஒரு கறுப்புக் கோலம் நாற்பதாம் வயது வரை பின்தொடர்ந்து வருவதைப் பாருங்கள்.

வாங்கும் முன் பாருங்கள்

சிறந்த வழி வீட்டுக் கொல்லையிலோ தொட்டியிலோ ஒரு மருதாணிச் செடி வளர்ப்பது. இலையைப் பறித்து அரைத்து இட்டுச் சில மணி நேரம் வைத்திருங்கள். இராசஸ்தான் மாநிலத்துச் சோஜத் என்னும் ஊர் மருதாணிக்குப் பெயர் பெற்றது. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய கலப்பில்லாத இலைப்பொடியை வாங்கி வீட்டிலேயே குழைத்துக் கோன் கட்டலாம்.

கடைக் கோன் வாங்குவதாயின் நான்கு செய்திகளைக் கவனியுங்கள். குழைவின் நிறம் கன்னங்கரேல் என்று இருந்தால் வேண்டாம். பச்சிலை மணத்திற்குப் பதிலாக டையின் நெடி அடித்தால் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் கறுக்கும் என்றோ ஐந்து நிமிடத்தில் சிவக்கும் என்றோ கூறினால் வேண்டாம். உடனடிச் சிவப்புக்கும் செயற்கைச் சாயங்கள் கலக்கப்படுகின்றன. உறையில் என்னென்ன சேர்ந்துள்ளன என்ற பட்டியலும் தயாரித்தவர் முகவரியும் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். உண்மையான மருதாணிக் குழைவு வெளியில் வைத்தால் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். மாதக்கணக்கில் கடையின் கம்பியில் தொங்கும் கோன் எவ்வாறு கெடாமல் இருக்கிறது என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

தலைமுடி கருமையாக வேண்டும் என்போர், மருதாணிக்குப் பின் அவுரி இலைப் பொடியைப் பூசும் பழைய முறையைக் கையாளலாம். அப்பொடியிலும் கலப்பில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தாய்மார்களுக்குக் கூறியாக வேண்டும். இயற்கை மருதாணியால் ஒவ்வாமை வருவது அரிது. ஆயினும் கைக்குழந்தைகளின் உள்ளங்கையிலும் காலிலும் அப்புவதைத் தவிருங்கள். 'ஜி6பிடி' என்ற நொதி குறைபாடு பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு உண்டு. ஆண் குழந்தைகளில் இது மிகுதி. அக்குழந்தைகளுக்கு இயற்கை மருதாணியே கூட இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையையும் கடும் இரத்தச் சோகையையும் உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உள்ளன. பிஞ்சுக் கைக்கு அல்லாஹ் தந்த நிறமே போதுமான அழகு.

மறைப்பதா, உரைப்பதா?

திருமண வீட்டிற்குத் திரும்புவோம். மருத்துவர் மாத்திரையும் களிம்பும் கொடுத்து, இது தொற்றும் நோயன்று, இரத்தக் கோளாறும் அன்று, பிள்ளைகளுக்குச் செல்லும் குறையும் அன்று என்று தெளிவாக எடுத்துரைத்தார். ஆனாலும் பெண்ணின் உம்மாவுக்கு மனம் ஆறவில்லை. நீளக் கையுறை அணிவித்து மறைத்துவிடலாம் என்றார்.

நான் மறுத்தேன். "இன்று கையுறையில் மறைப்பீர்கள்; நாளை அந்த வீட்டில் கையுறையோடா சோறு உண்பாள்? மறைத்தது தெரிந்தால் இல்லாத நோயும் இருப்பதாகிவிடும். உண்மையை நாமே சென்று கூறுவோம்" என்றேன்.

அன்றிரவே மாப்பிள்ளையின் உம்மாவைச் சந்தித்து, மருத்துவர் எழுதிய சீட்டையும் மிச்சமிருந்த கோனையும் அவர் முன் வைத்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் கணவரை உள்ளிருந்து அழைத்தார். "இங்கே பாருங்க, டை அடிச்சா உங்க காதோரம் தடிக்குதே, அதே சங்கதிதான்" என்றார். அவ்வளவுதான். பெண்ணின் உம்மா முந்தானையில் முகம் புதைத்து அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நல்லபடியாக நடந்தேறியது, அல்ஹம்துலில்லாஹ். கைகளில் வெள்ளைத் துணிக் கட்டுடன் மணப்பெண் அமர்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் வாப்பா அன்றோடு டையைக் கைவிட்டார் என்று பின்னர் அறிந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவள் மதரஸாவுக்கு வந்தாள். கைகளை நீட்டிக் காட்டினாள். கொப்புளங்கள் ஆறிவிட்டன. ஆனால் அன்று வரைந்த கொடியும் பூவும் வெளிறிய கோடுகளாக அப்படியே நின்றன. நிறம் போன இடத்தில் நிறம் மெல்லத் திரும்பும், சிலருக்கு நெடுங்காலம் ஆகும் என்று மருத்துவர் கூறியிருக்கிறாராம். "இதைக் காட்டியே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க உஸ்தாபி" என்றாள். அன்று அவ்வாறே செய்தேன். அவளைச் சுற்றி நின்று அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்த சிறுமியரில் ஒருத்தி, பெருநாளுக்கென வாங்கி வைத்திருந்த கோனை மறுநாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

இறுதியாக, மருதாணி இட்டுப் பிழைக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். விதவைகளும் வறியவரும் மானத்தோடு வாழ உதவும் தொழில் அது. கோனுக்குள் இருப்பது என்னவென்று உங்களில் பலருக்கே தெரியாது என்பதையும் அறிவேன். இனித் தெரிந்தும் மறைத்தால் அது குறையுள்ள சரக்கை மூடி விற்பதற்கு ஒப்பாகும். உங்கள் கையாலேயே இலைப்பொடியைக் குழைத்துக் கோன் கட்டுங்கள். "மெதுவாகத்தான் சிவக்கும், நாளைக்குத்தான் நிறம் தெரியும்" என்று வாய்திறந்து கூறுங்கள். சற்றுக் காத்திருக்க மனமில்லாத வாடிக்கையாளர் போகட்டும்; ஒரு பெண்பிள்ளையின் கை தப்பியது என்று மகிழுங்கள்.

வாசிக்கும் தாய்மார்களே! அடுத்த பெருநாள் இரவில் உங்கள் மகள் ஒரு கோனை நீட்டுவாள். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எழுத்தே இல்லையென்றால் கொல்லைப்புறத்துச் செடியிடம் அவளை அழைத்துச் செல்லுங்கள். நம் பெண்மக்களின் கைகளை வல்ல அல்லாஹ் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.